செயற்கை நுண்ணறிவுத் துறையின் இளம் ஆய்வாளரும் மனநலமும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அமைச்சரவை இந்தியா ஏ.ஐ. இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுக் காலத்திற்கென இதற்கு ஏறத்தாழ ரூ.10,372 கோடி ஒதுக்கப்பட்டது. பல்லாயிரம் ஜி.பி.யு. செயலிகள், தரவுத் தொகுப்புகள், ஆய்வு உதவித்தொகைகள் ஆகியவை இத்திட்டத்தில் அடங்கும். செயலிகளை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அவற்றைக் கொண்டு புதியன காணும் ஆய்வாளர் உருவாக ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அக்காலத்தில் அவர்களது மனநலம் எவ்வாறு உள்ளது என்பது திட்டமிடுவோரின் கவனத்திற்குரியது.

ஆய்வு மாணவரின் மனச்சுமை எல்லாத் துறைகளுக்கும் பொதுவானதே. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் முனைவர்ப் பட்ட மாணவர் 3,659 பேரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வு, 32 சதவீதத்தினர் மனநலக் கோளாறுக்கு ஆளாகக்கூடிய நிலையில் உள்ளனர் எனக் கண்டது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவரிடம் விவரம் திரட்டி 2018இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வில், 41 சதவீதத்தினரிடம் மிதமான அல்லது கடுமையான பதற்றமும், 39 சதவீதத்தினரிடம் அதே அளவிலான மனச்சோர்வும் காணப்பட்டன. பின்னதில் தாமாக முன்வந்து விடையளித்தவர்களே இடம்பெற்றனர். ஆதலால் துன்புறுவோர் தொகை சற்று மிகுதியாகப் பதிவாகியிருக்கலாம். அதனைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது சிறிதன்று.

மாநாடுகளும் மதிப்பீடும்

செயற்கை நுண்ணறிவுத் துறைக்கே உரிய சுமைகள் சில உண்டு. பிற அறிவியல் துறைகளுள் பலவற்றில் ஆய்விதழ்கள் முதன்மை பெறுகின்றன. இங்கோ ஆண்டுதோறும் கூடும் மாநாடுகளே ஆய்வாளரை அளக்கும் கோல். 1987 முதல் நடைபெற்றுவரும் நியூரிப்ஸ் மாநாட்டிற்கு 2014இல் 1,678 கட்டுரைகள் வந்தன. 2024இல் 15,671 வந்தன. அவற்றுள் ஏற்கப்பட்டவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பல மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கெடு, உலகில் கடைசியாக நாள் முடியும் பகுதியின் நேரப்படி கணக்கிடப்படுகிறது. இந்தியாவில் அப்பொழுது மறுநாள் மாலை 5.30 மணி ஆகியிருக்கும். ஆகவே இரவு முழுதும் விழித்து, அடுத்த பகலையும் உழைப்பில் கழிப்பது ஆய்வுக்கூட வழக்கமாகிவிட்டது. ஒரு கெடு தீர்ந்ததும் அடுத்த மாநாட்டின் கெடு எதிரே நிற்கும்.

இவ்வளவு உழைப்பிற்குப் பின் வரும் தீர்ப்பு எத்தகையது? 2014இல் அம்மாநாட்டு அமைப்பாளர்களே ஒரு சோதனை நடத்தினர். 166 கட்டுரைகளை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு குழுக்களிடம் மதிப்பீட்டுக்கு அளித்தனர். கால் பங்குக் கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் மாறுபட்டது. ஒரு குழு ஏற்றவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றை மற்றது நிராகரித்திருந்தது. 2021இல் இச்சோதனை மீண்டும் நடத்தப்பட்டபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 2014இல் ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அன்று கிடைத்த தர மதிப்பெண்ணுக்கும், பின்னாளில் பிறர் அவற்றை மேற்கோள் காட்டிய அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதும் 2021இல் வெளியாயிற்று.

அனுபவமுள்ள பேராசிரியர் இச்செய்தியை அறிவார். ஒரு கட்டுரை திரும்பினால் வேறு நான்கு கட்டுரைகள் அவர் கையில் இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவருக்கோ அவ்வொரு கட்டுரையே ஓராண்டு வாழ்வு. பாதி தற்செயலான ஒரு முடிவை அவர் தம் தகுதியின் அளவாகக் கொள்கிறார். நேர்காணல்களில் தேர்வுக் குழுவினரும் அவ்வாறே கொள்வதால், அவரது அச்சம் ஆதாரமற்றதெனத் தள்ளிவிடவும் இயலாது.

துறையின் வேகம் மற்றொரு சுமை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபின், மொழித் தொழில்நுட்பத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த பலர் தம் தலைப்பையே மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. பெருநிறுவனங்களின் கணிப்பு வசதியோடு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் போட்டியிட முடிவதில்லை. 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ரூ.31,000இலிருந்து ரூ.37,000 ஆக உயர்த்தப்பட்டது மெய்யே. எனினும் உடன் பயின்றோர் தொழில்துறையில் பெறும் ஊதியத்தை வீட்டார் அறிவர். இன்னும் படிப்பு முடியவில்லையா என்னும் கேள்வி விடுமுறைதோறும் எழும். உதவித்தொகை தாமதமாக வரும் மாதங்களில் அக்கேள்வி மேலும் உறுத்தும்.

களைப்பும் நோயும்

கெடுவுக்குப் பின் வரும் களைப்பு ஓய்வில் தீரும். பெரும்பாலான நேரம் மனம் வாடியிருத்தல், எதிலும் ஈடுபாடின்மை, உறக்கக் கேடு, தம்மால் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இரு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் இரு வாரம் காத்திருத்தல் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பதில் கிடைக்கும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் நெறிமுறை வகுத்தது.

ஆயினும் ஆலோசகரால் கெடுவைத் தள்ளிவைக்க இயலாது. கடுமை காட்டும் நெறியாளரை மாற்றவும் இயலாது. வேலை அமைந்துள்ள முறையில் பிறக்கும் துன்பத்திற்கு மாணவரின் மனவுறுதியை மட்டும் மருந்தாகக் கூறுவது பாதி வைத்தியமே.

துறைகளின் கையில் உள்ளவை

ஒரே நெறியாளரைச் சார்ந்திருக்கும் நிலையைத் தணிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு இடமுண்டு. பருவந்தோறும் மாணவர் அக்குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும். பல இடங்களில் இது கையொப்பச் சடங்காய் முடிகிறது. நெறியாளர் இல்லாமல் மாணவரோடு கால் மணி நேரம் பேசினாலே பல இடர்கள் முன்கூட்டித் தெரியவரும்.

அதே விதிமுறைகள், ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கின. ஆனால் பெயர்பெற்ற மாநாட்டில் இத்தனை கட்டுரைகள் என்ற எழுதாத விதியை விதிமுறை தொடுவதில்லை. 2022இல் தொடங்கிய டி.எம்.எல்.ஆர். என்னும் ஆய்விதழுக்குக் கெடு நாளே இல்லை. ஆண்டின் எந்நாளிலும் கட்டுரை அனுப்பலாம். கூறப்பட்ட முடிவுக்குச் சான்று உளதா, அத்துறையினர் சிலருக்கேனும் அது பயன்படுமா என்பவையே அங்கு மதிப்பீட்டு அளவுகள். இத்தகைய இதழில் வரும் கட்டுரையை மாநாட்டுக் கட்டுரைக்கு நிகராகக் கொள்வதென ஒரு துறை தீர்மானித்து, மாணவர் சேரும் நாளிலேயே அதை எழுத்தில் அளிக்கலாம். உதவிப் பேராசிரியர் பணிக்கான அறிவிப்பிலும் அதே வரி இடம்பெற வேண்டும். இல்லையேல் மாணவர் பழைய கெடுக்களுக்கே திரும்புவர்.