காக்கா ஆழிக்கு ஒரு மீம் போடுவோமா? சிரிப்போடு அறிவியல் சொல்ல ஒரு சின்னப் பாடம்

வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் இருப்பவரா நீங்கள்? உங்கள் செல்போனில் குறைந்தது நாலு வாட்ஸ்ஆப் குழுவாவது இருக்கும். குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, வேலைக் குழு. காலையில் ‘இனிய காலை வணக்கம்’ படம், மதியம் வடிவேலு மீம். நடுவில் யாராவது ஆற்றைப் பற்றி நீளமாக எழுதிப் போட்டால், நம் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போய்விடும். நாம எல்லாருமே அப்படித்தான்.

அந்த விரலை அரை நிமிடம் நிறுத்துவது எப்படி? நிறுத்தியவருக்குச் சரியான தகவலைக் கொடுப்பது எப்படி? இதுதான் இந்த இதழின் பாடம். எடுத்துக்காட்டாக வருபவர், நம்ம கொசஸ்தலை ஆற்றின் அழையா விருந்தாளி காக்கா ஆழி.

யார் இந்தக் காக்கா ஆழி?

இது ஒரு கறுப்புச் சிப்பி. காக்கா நிறம் என்பதால் எண்ணூர் மீனவர்கள் இப்படிக் கூப்பிடுகிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் இது இருப்பதை ஆய்வாளர்கள் 2019-இல் பதிவு செய்தார்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தது? சரக்கு இல்லாமல் வரும் கப்பல் ஆடாமல் நிற்க, தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரை வெளியே விடும். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் அந்த நீரோடு இறங்கிவிடும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் சிப்பிகள் பயணம் செய்யும். இந்த இரண்டு வழிகளில் ஏதோ ஒன்றில்தான் இது பல நாடுகளுக்கும் பரவியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வந்தது ஒரு மூலையில் சும்மா இருந்தால் பரவாயில்லை. நூல் போன்ற இழைகளை விட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஆற்றுச் சேற்றின் மேல் கம்பளம் விரித்ததுபோல் மூடிவிடுகிறது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். வேகமாகப் பெருகும். இறால் வாழ்வதற்குச் சேறு வேண்டும், அதில் புதைந்து கொள்ள வேண்டும், இரை தேட வேண்டும். சேறு மூடிப்போனால் இறாலுக்கு இடம் ஏது? வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் அன்றாட வருமானம் அங்கேதான் அடிபடுகிறது. மீனவர்களின் புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

இவ்வளவையும் குழுவில் அப்படியே போட்டால் எத்தனை பேர் படிப்பார்கள்? அதனால்தான் சிரிப்பின் உதவி தேவைப்படுகிறது.

சிரிப்பு எவ்வளவு தூரம் போகும்?

2019 மே மாதக் கடைசி ஞாபகம் இருக்கிறதா? ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. படம் வந்தது 2001-இல். பதினெட்டு வருடம் கழித்து ஒரு சுத்தியல் படத்துக்குக் கீழே யாரோ போட்ட ஒரு பதில், ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. ஒரு சுத்தியலுக்கே இவ்வளவு வேகம் என்றால், ஒரு சிப்பிக்கும் கொஞ்சம் கிடைக்காதா?

சிரிப்பைக் கருத்துக்குப் பயன்படுத்துவது நமக்குப் புதிதும் இல்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காட்டிய வழி அது. சின்னக் கலைவாணர் விவேக் அதே வழியில் வந்தவர். அப்துல் கலாமின் தூண்டுதலில் ‘கிரீன் கலாம்’ இயக்கம் தொடங்கி, மக்களைச் சிரிக்க வைத்த அதே செல்வாக்கால் அவர்களை மரக்கன்று நட வைத்தார்.

ஒரே மாதம், இரண்டு பாடம்

எண்ணூருக்கு 2017 ஜனவரி மறக்க முடியாத மாதம். பொங்கலையொட்டி ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வெளியானது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, டி.எம்.கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடினார். எண்ணூர்க் கழிமுகத்திலேயே படம் பிடித்தார்கள். ‘புறம்போக்கு’ என்பது இன்று ஒரு வசவு. உண்மையில் அது ஏரி, குளம், ஆற்றங்கரை, மேய்ச்சல் நிலம் போல ஊருக்கே பொதுவான இடத்தின் பெயர். எல்லாருக்கும் தெரிந்த ஒரு வசவின் பழைய பொருளைத் திருப்பிக் காட்டியதாலேயே, ஈரநிலம் என்றால் என்னவென்று கேட்காதவர்களும் கேட்டார்கள்.

அதே மாதம் 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை ஒதுங்கியது. மீனவர்களும் இளைஞர்களும் வாளியால் அள்ளினார்கள். உடனே வாளி மீம்கள் பறந்தன. நாமும் சிரித்தோம். ஆனால் பாறை இடுக்கில் ஒட்டிய கெட்டியான எண்ணெய்க் கசடை எடுக்கக் கை உழைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அந்த மீம்கள் சொல்லவில்லை. வாளியைப் பிடித்திருந்த கையையும் காட்டவில்லை. இன்னொரு பக்கம், மீன் சாப்பிடலாமா கூடாதா என்ற பயம் பரவி, மீன் விற்பனை சரிந்தது. கடலுக்குப் போனவர்களுக்குத்தான் இழப்பு.

தகவல் இல்லாத சிரிப்பு, பாதிக்கப்பட்டவரையே திரும்பவும் பாதிக்கும். காக்கா ஆழி விஷயத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. “ஆழியே ஆபத்து, வாங்காதீங்க” என்று யாராவது ஒரு மீம் தட்டிவிட்டால், நல்ல பச்சை ஆழி விற்கும் அக்காவின் கூடை அன்றைக்கு அப்படியே திரும்பி வரும்.

மீம் போடுமுன் ஐந்து படி

1. ஒரு மீமுக்கு ஒரு தகவல் போதும். கப்பல், சேறு, இறால், வருமானம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்காதீர்கள்.

2. ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ‘மைட்டெல்லா’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘காக்கா ஆழி’ என்றால் “அட, நம்ம ஆத்துல இருக்கிறதா?” என்று கேட்பார்கள்.

3. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பாருங்கள். சிப்பியைக் கிண்டல் செய்யுங்கள், பிரச்சினையைக் கிண்டல் செய்யுங்கள். ஆற்றில் இறங்கிப் பிழைப்பவரை வேண்டாம்.

4. சரிபாருங்கள். நீங்களே எடுத்த படமா? எந்த இடம், எந்தத் தேதி? ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசச் செயலியில் படத்தை ஏற்றினால், என்ன உயிரினம் என்று அடையாளம் காண மற்றவர்கள் உதவுவார்கள். பறவை என்றால் மெர்லின் செயலி இருக்கிறது. செயலி சொல்வதையே முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஆற்றை அறிந்த ஒரு மீனவரிடமும் காட்டுங்கள்.

5. அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லி முடியுங்கள். சிரித்து முடித்தவர் “சரி, நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டால், அதற்குப் பதில் அங்கேயே இருக்க வேண்டும்.

செய்து பார்ப்போம்

மூன்று கட்டம் போதும். படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்த சினிமா முகங்களை வைத்துக்கொள்ளலாம்.

*கட்டம் 1.* இறால்: “அண்ணே, கொஞ்சம் நகருங்க. வீட்டுக்குள்ள போகணும்.”

*கட்டம் 2.* காக்கா ஆழி: “வீடா? இது இப்போ எங்க ஏரியா தம்பி.” இறால்: “நீங்க எந்த ஊரு?” காக்கா ஆழி: “தென் அமெரிக்கா. கப்பல்ல டிக்கெட் இல்லாம வந்தோம்.”

*கட்டம் 3.* காலிப் பறியோடு மீனவர்: “வாடகையும் தரல, காலியும் பண்ணல. எங்க வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்?”

இதற்குக் கீழே இரண்டே வரி: “காக்கா ஆழி வெளிநாட்டுச் சிப்பி. சேற்றை மூடி இறாலின் இடத்தைப் பிடிக்கிறது. நம்ம பச்சை ஆழி வேறு, அது நம்ம ஊர்க்காரர்.”

ஐந்து படிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகவல் ஒன்றுதான்: இறாலின் வீடு பறிபோகிறது. பெயர் ஊர்ப் பெயர். கிண்டல் சிப்பியின் மேல். பச்சை ஆழி விற்பவருக்குக் கெடுதல் வராதபடி ஒரு வரி இருக்கிறது. ஐந்தாவது படி மட்டும் விட்டுப்போயிருக்கிறது, கவனித்தீர்களா? “புதிய இடத்தில் பார்த்தால் படம் எடுத்து, இடம், தேதியோடு தெரிவியுங்கள்” என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தால் முழுமையாகிவிடும்.

எங்கே தெரிவிப்பது?

ஆற்றில் எண்ணெய், சாம்பல், கழிவு கலப்பதையோ, காக்கா ஆழி புதிய இடத்தில் படர்ந்திருப்பதையோ பார்த்தால், முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐ அழைத்துச் சொல்லலாம். இடம், நேரம் இரண்டையும் தெளிவாகச் சொல்லுங்கள். மனு எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நிலை கேட்க அது வேண்டும். படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடுங்கிய காக்கா ஆழியைத் திரும்ப ஆற்றிலேயே போடாதீர்கள். உயிரோடு இருந்தால் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்கள் ஊர் நீர்நிலையில் இருக்கும் ஒரே ஒரு உயிரினம். அதன் ஊர்ப் பெயரை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு படம், ஒரு தகவல், ஒரு சிரிப்பு. முதலில் குடும்பக் குழுவில் போட்டுப் பாருங்கள். “இது நிஜமாவா?” என்று ஒருவர் கேட்டாலே பாடம் தொடங்கிவிட்டது. பதிலைக் கையில் தயாராக வைத்திருங்கள்.