மிரட்டல் செய்தியா? மருந்தோடு புகாரும் வேண்டும்!

"தூக்கமே வரலை டாக்டர், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறை என்று மலை ஊர்களிலிருந்து இப்படி வருகிறவர்களிடம் நாடி பார்த்தபின் நான் கேட்பது: "வீட்டில் சொல்ல முடியாத பயம் ஏதாவது இருக்கா?" சிலர் பேசாமல் கைப்பேசியை நீட்டுவார்கள். அந்தக் காலத்து மொட்டைக் கடிதம்தான் இன்று அதில் வருகிறது.

பயம் நீடித்தால் வாதம் கெடும். பசி மந்தமாகும், மலம் கட்டும், தூக்கம் போகும். அமுக்கரா சூரணத்தைப் பாலில் கொடுத்தால் தூக்கம் வரலாம். விடிந்ததும் அடுத்த மிரட்டல் வந்தால்? வேரைக் களைய சட்டம்தான் மருந்து.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக 2 ஆண்டு வரை சிறை (பிரிவு 351). 'வேண்டாம்' என்ற பிறகும் ஓர் ஆண் ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொண்டால், முதல் முறை 3 ஆண்டு வரை (பிரிவு 78). ஆபாசம் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆவது பிரிவு பாயும். ஆனால் வெறும் மனவருத்தம் குற்றமாகாது. அதற்கும் கைது செய்ய இடம் தந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது.

புகார் கொடுத்து என்ன ஆகப் போகுது என்கிறீர்களா? இணையத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதிய ஆளுக்கு, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. அந்தப் பெண் அதே ஆண்டில்தான் புகார் கொடுத்திருந்தார்.

மறுபக்கமும் உண்டு. 2016-ல் சேலம் மாவட்டத்தில், ஒட்டுவேலை செய்த படம் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். எனவே பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் "நீ என்ன செஞ்சே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நாங்க இருக்கோம்" என்பதே முதல் மருந்து.

செய்ய வேண்டியவை:

* செய்தியை அழிக்காதீர்கள். படமெடுத்து, எண், தேதி, நேரம் குறித்து வையுங்கள்.
* பதிலும் வேண்டாம், பணமும் வேண்டாம்.
* எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று மறுக்க முடியாது. திண்டுக்கல்லில் சைபர் குற்றப் பிரிவும் இருக்கிறது.
* பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.
* வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-ல் பேசுங்கள், இரவானாலும் பேசலாம்.

இவற்றைச் செய்துவிட்டு மருந்துக்கு வாருங்கள். மருந்தும் சீக்கிரம் பிடிக்கும்.