தண்ணீர்த் தர்மத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும்



ரமழான் நெருங்கும்போது நம் கடைகளுக்கு வரும் துண்டுப் பிரசுரங்களில், ஆபிரிக்கக் கிராமங்களில் கிணறு தோண்ட உதவி கேட்பவை பல. நம்மவர்களும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். தாய் தந்தையர் பெயரில் ஒரு கிணறு, அருகில் ஒரு பெயர்ப் பலகை, பிறகு ஒரு புகைப்படம். மரணித்த தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஃத் பின் உபாதா (ரழி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரையே காட்டிக்கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே கொடுப்பதா, விடுவதா என்பது இங்கே பேச்சல்ல. கொடுத்த பிறகு நடப்பது என்ன என்பதே இவ்வார விடயம்.

ஒரு லொறி வாங்கும்போது நாம் விலையை மட்டும் பார்ப்பதில்லை. யார் ஓட்டுவது, டயர் தேய்ந்தால் எந்தப் பணத்தில் மாற்றுவது என்றெல்லாம் யோசிக்கிறோம். கிணற்றுக்குப் பணம் கொடுக்கும்போது மாத்திரம் இந்தக் கேள்விகள் நமக்கு மறந்துவிடுகின்றன. கிராமிய நீர் வழங்கல் வலையமைப்பு என்ற சர்வதேச அமைப்பு 2009இல் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் தகவல்களைத் திரட்டியது. அங்குள்ள கைப்பம்பிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இயங்காமல் கிடந்தன. பல இடங்களில் தண்ணீர் வற்றியிருக்கவில்லை. தேய்ந்த ஒரு சிறிய பாகத்தை மாற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை.

நம் வாசலில் உள்ள தாகம்

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, ஹல்துமுல்ல பகுதித் தோட்டங்களில் இன்றும் பல லயன்கள் பீலித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. அதே காற்று பீலிகளையும் வற்றச் செய்கிறது. ஏலத்தில் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் அந்த மாதங்களில், கொழுந்து பறித்துத் திரும்பும் பெண் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள்.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை கடைத்தெருக்களின் வியாபாரத்தில் பெரும் பங்கு தோட்டத்துச் சம்பளத்தில்தான் நடக்கிறது. அசுத்தமான தண்ணீரால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் தாய் வேலைக்குப் போவதில்லை. அன்றைய பேரும் விழுவதில்லை, நம் பற்றுக் கொப்பியில் கடனும் தீர்வதில்லை. இது இலாபக் கணக்கு மட்டுமல்ல. அவர்கள் பெரும்பாலும் பிற மதத்தவர்கள். ஆனாலும் நம் அயலவர்கள். தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட மார்க்கம்.

முன்னோர் காட்டிய முறை

ரூமா கிணற்றுத் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், உஸ்மான் (ரழி) அவர்கள் குடம் குடமாக வாங்கித் தர்மம் செய்யவில்லை. கிணற்றையே வாங்கி மக்களுக்கு ஆக்கினார்கள். உமர் (ரழி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை வக்பு செய்தபோது, மூலத்தை விற்கக் கூடாது, விளைச்சல் ஏழைகளுக்குச் சேர வேண்டும், அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என நிபந்தனை எழுதினார்கள். இந்தக் கடைசி நிபந்தனையை வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும். பராமரிப்பவரின் கூலி முதல் நாளே வக்பின் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது.

பதுளையில் நடந்த பாடம்

1993இல் உலக வங்கி உதவியுடன் சமூக நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் இலங்கையில் தொடங்கியபோது தெரிவான மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மற்றவை மாத்தறை, இரத்தினபுரி. கிராமத்தவர்கள் சங்கம் அமைத்தார்கள், மண் வெட்டினார்கள், குழாய் புதைத்தார்கள், செலவில் ஒரு பங்கையும் ஏற்றார்கள். வேலை முடிந்தபின் திட்டத்தை நடத்துவதும் திருத்துவதும் முழுக்க அவர்களது பொறுப்பாயின. தண்ணீருக்கு மாதக் கட்டணமும் அறவிடப்பட்டது. இத்தகைய சங்கங்களுக்குத் துணைநிற்க 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது. 2015இல் தொடங்கிய அடுத்த உலக வங்கித் திட்டம் பதுளை, மொணராகலை உட்பட ஏழு மாவட்டங்களுக்கு வந்தபோது தோட்டப்புறமும் அதில் சேர்க்கப்பட்டது.

தோட்டத்தில் ஒரு விசேட சிக்கல் உண்டு. கிராமத்தவருக்கு நிலம் சொந்தம். தோட்டத்திலோ நிலம் அரசுடையது. பெரும்பாலான தோட்டங்களை 1992 முதல் கம்பனிகள் நிருவகிக்கின்றன. லயனில் இருப்பவருக்கு ஊற்றும் சொந்தமில்லை, குழாய் போகும் பாதையும் சொந்தமில்லை. ஆகவே குழாய் உடைந்தால் தோட்டம் பார்க்கும் என்று மக்களும், கட்டியவர்கள் பார்ப்பார்கள் என்று தோட்டமும் இருந்துவிடுகின்றன. பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நன்கொடையாளர் பெயர் பொறித்த நீர்த்தாங்கியைப் பார்த்தேன். பெயர் அழியவில்லை. தாங்கியில்தான் தண்ணீர் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, 40 குடும்பங்களுக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறோம் என வைத்துக்கொள்வோம். ஊற்றுத் தொட்டியும் தாங்கியும் 6 இலட்சம், 20 வருடம் உழைக்கும். குழாய்கள் 4 இலட்சம், 10 வருடம். வால்வு, திருகுபிடி போன்றவை 50,000 ரூபாய், 5 வருடம். நாம் கடையில் போடும் பெறுமானத் தேய்வை இங்கேயும் போட்டால், வருடத்துக்கு 30,000, 40,000, 10,000 என 80,000 ரூபாய் வரும். பராமரிப்பவருக்கு மாதம் 2,000 வீதம் 24,000. குளோரினுக்கும் நீர்ப் பரிசோதனைக்கும் 16,000. ஆக மொத்தம் 1,20,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு மாதம் 250 ரூபாய்.

பத்தரை இலட்சத்தைச் சேர்ப்பது கஷ்டமல்ல. ஒரு ஜும்ஆவில் சேர்ந்துவிடலாம். மாதம் 250 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. முழுவதையும் குடும்பங்கள் தருமா? பாதியைத் தோட்டம் தருமா? அல்லது நம் ஊரில் ஒரு கடை அறையை வக்பு செய்து அதன் வாடகையை இதற்கு எழுதிவைப்பதா? எதுவானாலும் சீமெந்து மூடை வாங்குவதற்கு முன் எழுத்தில் இருக்க வேண்டும். ஸகாத் பணத்தை இதில் போடலாமா என்பதை உங்கள் பகுதி உலமாக்களிடம் கேட்டு நடப்பதே பேணுதல்.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. வரட்சியில் அளந்தீர்களா? 10 லீற்றர் வாளி 40 செக்கனில் நிரம்பினால் நாளொன்றுக்கு 21,600 லீற்றர். 200 பேருக்கு ஆளுக்கு 50 லீற்றர் வீதம் 10,000 போதும். ஆனால் செப்டெம்பரில் ஊற்று மூன்றிலொன்றாகக் குறைந்தால் 7,200தான். மாரியில் அளந்து கட்டியவர் கோடையில் தலைகுனிய நேரும்.

2. தண்ணீரைப் பரிசோதித்தீர்களா? ஊற்றுக்கு மேலே மலசலகூடமோ மரக்கறித் தோட்டமோ இருந்தால் தெளிந்த தண்ணீரும் நோயைத் தரும். பங்களாதேஷில் மக்களின் நன்மைக்காக 1970கள் முதல் போடப்பட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. இலங்கைக்குக் குடிநீருக்கென எஸ்.எல்.எஸ். 614 என்ற தரம் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையும் முதலிலேயே அணுகுங்கள்.

3. மண்ணைப் பார்த்தீர்களா? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது. சரிவில் தாங்கி கட்டுவதும், அதன் மிகை நீரை மண்ணில் விடுவதும் விளையாட்டல்ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையின்றி மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

4. ஊற்றுக்குக் காவல் உண்டா? உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பாயத் தொடங்கிய பின் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் பல வற்றின. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை. மேலேயுள்ள மரங்களை வெட்டினாலே சிறிய ஊற்று மெலிந்துவிடும்.

5. பொறுப்பு யார் கையில்? தோட்ட நிருவாகத்தின் எழுத்து மூல அனுமதி, மக்கள் தெரிவுசெய்த குழு, வங்கிக் கணக்கு, காசேடு ஆகிய நான்கும் வேண்டும். குழுவில் பெண்கள் இருக்கட்டும். குடம் சுமப்பவர்களுக்குத்தான் குழாய் நின்ற நாளும் மணியும் தெரியும்.

வியாபாரத்துக்கும் இதுவே பாடம்

நம் கடைகளிலும் இந்நோய் உண்டு. திறப்பு விழாவுக்கு இலட்சக்கணக்கில் செலவிடுவோம். குளிரூட்டி பழுதானால் மாற்ற ஒரு சதமும் ஒதுக்கியிருக்க மாட்டோம். வரும் பணமெல்லாம் இலாபம் என்று எண்ணி எடுத்துச் செலவழிப்பவர், உண்மையில் தன் முதலைத்தான் தின்கிறார். இலாபத்திலிருந்து தேய்வுக்கு ஒதுக்கும் வழக்கமுள்ளவர் தர்மத்திலும் அதைச் செய்வார்.

என் ஆலோசனை இதுதான். ஆபிரிக்காவுக்குக் கொடுப்பவர்கள் தொடர்ந்து கொடுங்கள். ஆனால் மூன்றாம் வருடம் அதைத் திருத்துவது யார் என்று கேட்டுக் கொடுங்கள். ஊவாவில் இருப்பவர்கள், நான்கைந்து கடைக்காரர் சேர்ந்து பக்கத்துத் தோட்டம் ஒன்றைப் பொறுப்பெடுங்கள். புதிதாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லாதிருக்கலாம். நின்றுபோன ஒரு குழாயைத் திருத்தி, அதற்கொரு குழுவும் கணக்கும் ஏற்படுத்துவதற்குச் செலவு குறைவு. வருடத்துக்கொரு முறை செப்டெம்பரில், வரட்சி நேரத்தில், போய்ப் பாருங்கள். அன்று குழாயில் தண்ணீர் வந்தால் கொடுத்த பணம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஓடிக்கொண்டிருக்கும் தர்மத்தின் நன்மையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.