கம்பியூட்டர் போட்டவுடனே ஓடுகிறவை: எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது?



2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட பிறகு, நம் லயங்களிலும் கம்பியூட்டர் வரத் தொடங்கியது. அநேகமானவை ஏற்கெனவே ஒருவர் பாவித்த லேப்டொப்கள். சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் பிள்ளையின் சூம் வகுப்பு பாதி முடிந்துவிடும்.

கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ பஸ் ஏறி, கண்டி டவுன் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு நாள் பேர் போச்சு, காசும் போச்சு. கடையில் "ஃபோர்மட்" பண்ணினால் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் அழிந்துவிடலாம். அதற்கு முன் வீட்டிலேயே காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. அதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. ஏன் சுணங்குகிறது?

காலைப் பெரட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டால், வேலை பிரிக்க எவ்வளவு நேரமாகும்! கம்பியூட்டரிலும் அதுதான் நடக்கிறது. நாம் ஒவ்வொரு புரோகிராமாகப் போடும்போது, சில "நானும் காலையிலேயே வருவேன்" என்று தம் பெயரைப் பதிந்துகொள்கின்றன. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினுக்கு இந்தக் கூட்டம் தாங்காது.

2. பட்டியலைப் பார்ப்பது எப்படி?

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 என்றால் மேலே "ஸ்டார்டப்" என்று இருக்கும். அது தெரியாவிட்டால் கீழே "மோர் டீட்டெய்ல்ஸ்" என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 11 என்றால் இடது பக்கத்தில் "ஸ்டார்டப் அப்ஸ்" இருக்கும்.

அங்கே பெயர், வெளியிட்ட கம்பனி, நிலை, பாரம் என்று நான்கு விபரங்கள் இருக்கும். பாரம் "ஹை" என்றால், அது தொடங்கும்போது பிராசசரில் 1 செக்கனுக்கு மேல் எடுக்கிறது, அல்லது டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படிக்கிறது, எழுதுகிறது என்று அர்த்தம்.

ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து "டிஸேபிள்" கொடுத்தால் அது காலையில் தானாக வராது. அவ்வளவுதான். புரோகிராம் அழியாது. தேவையென்றால் நாமே திறக்கலாம். "எனேபிள்" கொடுத்தால் பழையபடி வரும்.

3. தைரியமாக நிறுத்தக்கூடியவை

ஸ்பொட்டிஃபை போன்ற பாட்டுப் புரோகிராம்கள், ஸ்டீம் போன்ற விளையாட்டுகள், டீம்ஸ், சூம், ஐடியூன்ஸ் ஹெல்ப்பர். சூமை நிறுத்தினால் வகுப்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். வகுப்பு நேரத்தில் திறந்தால் போதும்.

4. விட்டுவைக்க வேண்டியவை

வைரஸ் தடுப்பு, விண்டோஸ் செக்யூரிட்டி, டச்பேட், சத்தத்துக்கான ரியல்டெக், திரைக்கான இன்டெல். கீமேன், என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ் தட்டச்சுப் புரோகிராம்களையும் விட்டுவையுங்கள். நிறுத்தினால் பிள்ளை தமிழில் அடிக்கப் போகும்போது எழுத்து வராது.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே அந்த மெஷின் வைத்திருப்போர் வைரஸ் தடுப்பில் கை வைக்கவே கூடாது.

5. கேட்டுச் செய்ய வேண்டியவை

வன்டிரைவ் பாரமானதுதான். ஆனால் பிள்ளையின் பாடங்கள் அதில் சேமிக்கப்பட்டால், நிறுத்தியபின் புதியவை மேலே ஏறாது. பிள்ளையிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

6. பெயரை மட்டும் நம்பாதீர்கள்

2000ஆம் ஆண்டு மே மாதம் "ஐ லவ் யூ" என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. அது கம்பியூட்டர் தொடங்கும் பட்டியலில் "எம்எஸ்கேர்னல்32", "வின்32டிஎல்எல்" என்ற பெயர்களில் ஒளிந்துகொண்டது. கேட்டால் விண்டோஸின் சொந்தப் பிள்ளை மாதிரி இருக்கும்! ஆகவே பெயரோடு கம்பனியையும் பாருங்கள். கம்பனி இடம் வெறுமையாக இருந்தால் உடனே கள்ளன் என்று முடிவு கட்ட வேண்டாம், ஆனால் விசாரியுங்கள். வலது கிளிக்கில் "சேர்ச் ஒன்லைன்" இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஃபுல் ஸ்கேன்" போடுங்கள். டிஸேபிள் செய்வதால் மட்டும் வைரஸ் சாகாது.

7. செய்யும் முறை

ஒரு கொப்பியில் திகதியும் பெயரும் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும் நிறுத்துங்கள். "ரீஸ்டார்ட்" கொடுங்கள். சத்தம், டச்பேட், தமிழ் எழுத்து, இன்டர்நெட் எல்லாம் சரியா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் பாவித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஏதாவது குழம்பினால் கொப்பியைப் பார்த்து அதை மட்டும் எனேபிள் செய்யலாம். பத்தை ஒரேயடியாக நிறுத்தினால் எதனால் குழம்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"சேர்விசஸ்" என்று இன்னொரு பட்டியல் உண்டு. அது மெஷினின் உள் உறுப்பு மாதிரி. தெரியாமல் தொட வேண்டாம். "வேகமாக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் வரும் புரோகிராம்களையும் போடாதீர்கள். பல, தாமே பெரட்டுக்கு வந்து நிற்கும்!

இவ்வளவும் செய்தும் சுணங்கினால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது பற்றிக் கடையில் கேளுங்கள். கொடுக்கும் முன் பிள்ளையின் பாடங்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பயிற்சி

ஒரு லேப்டொப்பின் பட்டியலில் இவை உள்ளன: ஸ்டீம், ரியல்டெக், கீமேன், வன்டிரைவ், கம்பனிப் பெயரில்லாத ஒன்று. என்ன செய்வீர்கள்?

விடை: ஸ்டீமை நிறுத்தலாம். ரியல்டெக்கும் கீமேனும் இருக்கட்டும். வன்டிரைவைப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். ஐந்தாவதை விசாரித்து, ஸ்கேன் போட வேண்டும்.

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பட்டியலில் விளங்காத பெயர் இருந்தால், கொப்பியில் எழுதி நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.