ஒரு பல் கூடினால் என்ன ஆகும்?

மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூடுதலாகப் போட்டுவிட்டால் வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஓடும்" என்பார் ஒருவர். "ஓடும், ஆனால் ஏற்றத்தில் இழுக்காது" என்பார் மற்றவர். இவர்களில் யார் சொல்வது சரி? வெறும் ஒரு பல் அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா? பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எந்த மாணவரும் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அதற்கு முன், சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

சங்கிலியும் பற்களும்

ஸ்பிராக்கெட் என்பது சங்கிலியின் கண்ணிகளில் பொருந்தும் பற்சக்கரம். உங்கள் சைக்கிளில் இரண்டு உள்ளன. மிதிகட்டையோடு சேர்ந்தது பெரியது. பின்சக்கரத்தோடு சேர்ந்தது சிறியது. ஒரு பல் நகர்ந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி நகரும். ஆகவே முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தால், மிதிகட்டையை ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் 44 ÷ 18, அதாவது ஏறத்தாழ 2.44 சுற்றுகள் சுற்றும்.

மோட்டார் சைக்கிளில் இது தலைகீழ். முன்னே இருப்பது சிறியது, பின்னே இருப்பது பெரியது. மனிதனின் கால் மெதுவாகவும் வலுவாகவும் மிதிக்கிறது. ஆகவே சுழற்சியைக் கூட்ட வேண்டியுள்ளது. பெட்ரோல் எஞ்சினோ மிக வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் அதன் முறுக்குவிசை குறைவு. (ஒரு தண்டைத் திருப்பும் வலிமையையே முறுக்குவிசை என்கிறோம்.) ஆகவே சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்க வேண்டியுள்ளது.

நாம் இன்று காணும் உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் உருளும் ஓர் உருளை என அமைத்ததால், பல்லின்மீது சங்கிலி உராயாமல் உருண்டு செல்கிறது.

ஒரு புல்லட்டின் கணக்கு

நம் ஊருக்குப் பழக்கமான பழைய 350 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இந்த வண்டி, 1955க்குப் பிறகு சென்னை திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. நான்கு கியர் கொண்ட அந்தப் பழைய வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன.

இதில் எஞ்சினின் சுழற்சி மூன்று படிகளில் குறைகிறது. முதல் படி, எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் செல்லும் சங்கிலி. இங்கே 25 பற்களும் 56 பற்களும் உள்ளன, விகிதம் 2.24. இரண்டாம் படி கியர்பாக்ஸ். டாப் கியரில் இதன் விகிதம் 1. மூன்றாம் கியரில் 1.36, முதல் கியரில் 2.78. மூன்றாம் படி, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் சங்கிலி. இங்கே பொதுவாக முன்னே 16 பற்களும் பின்னே 38 பற்களும் இருக்கும், விகிதம் 2.375.

மூன்றையும் பெருக்கினால் டாப் கியரில் மொத்த விகிதம் கிடைக்கும்.

2.24 × 1 × 2.375 = 5.32

எஞ்சின் 5.32 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பது இதன் பொருள். இனி முன்னே 16க்குப் பதில் 17 பற்களைப் போடுவோம். 38 ÷ 17 = 2.235. மொத்த விகிதம் 5.01 ஆகக் குறைகிறது. வேறுபாடு நூற்றுக்கு ஆறு.

முதல்வர் சொன்னது சரியே

பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். அதற்குச் சக்கரம் 488 முறை சுற்ற வேண்டும். 16 பல் உள்ள வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2595 முறை சுற்றும். 17 பல் உள்ள வண்டியில் சுமார் 2440 முறை. ஒரு மணி நேரப் பயணத்தில் எஞ்சினுக்கு 9000க்கும் மேற்பட்ட சுற்றுகள் மிச்சம்! அதிர்வு குறைகிறது, ஓசை தணிகிறது. ஒருவர் மட்டும் அமர்ந்து சமதளமான நெடுஞ்சாலையில் செல்லும்போது இது நல்ல மாற்றம்தான்.

இரண்டாமவர் சொன்னதும் சரியே

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. திறன் என்பது முறுக்குவிசை, சுழல்வேகம் இரண்டின் பெருக்கற்பலன். பற்சக்கரம் திறனை உண்டாக்குவதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் பண்டமாற்றை மட்டுமே செய்கிறது.

எஞ்சின் 25 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். சங்கிலியிலும் கியர்களிலும் ஏற்படும் இழப்பை விட்டுவிடலாம். 16 பல் வண்டியில், டாப் கியரில், பின்சக்கரத்தின் முறுக்குவிசை 25 × 5.32 = 133 நியூட்டன்-மீட்டர். சக்கரத்தின் ஆரம் 0.326 மீட்டர். ஆகவே வண்டியை முன்னே தள்ளும் விசை 133 ÷ 0.326 = 408 நியூட்டன். 17 பல் வண்டியில் இது 384 நியூட்டன்.

24 நியூட்டன்தானே குறைந்தது என்று தோன்றும். இப்போது வண்டியை ஓர் ஏற்றத்தில் விடுவோம். வண்டியும் அதில் அமர்ந்த இருவரும் சேர்ந்து 300 கிலோகிராம் என்க. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் எடை பின்னுக்கு இழுக்கும் விசை 300 × 9.8 ÷ 10 = 294 நியூட்டன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்றும் டயரும் தரும் தடைக்கு 80 நியூட்டன் சேர்த்துக்கொள்வோம். மொத்தம் 374 நியூட்டன்.

16 பல் வண்டியில் மிஞ்சுவது 408 – 374 = 34 நியூட்டன். 17 பல் வண்டியில் மிஞ்சுவது 384 – 374 = 10 நியூட்டன் மட்டுமே.

இங்கேதான் கணக்கின் உயிர் இருக்கிறது. மொத்த விசையில் நூற்றுக்கு ஆறுதான் குறைந்தது. ஆனால் கையிருப்பு விசையில் நூற்றுக்கு எழுபது போய்விட்டது. மாதச் சம்பளத்தில் சிறிது குறைந்தாலும், செலவு போக மிஞ்சும் பணம் பெரும்பாலும் கரைந்துவிடுவதைப் போன்றது இது. எதிர்க்காற்று சற்று வீசினாலும், ஏற்றம் இன்னும் சற்றுச் செங்குத்தானாலும், வண்டி திணறும். ஓட்டுபவர் மூன்றாம் கியருக்கு இறங்கியே ஆகவேண்டும். அப்போது மொத்த விகிதம் 5.01 × 1.36 = 6.81. அதே 40 கி.மீ. வேகத்தில் முன்பு டாப் கியரில் 1730 முறை சுற்றிய எஞ்சின் இப்போது 2210க்கும் மேல் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றவேண்டும் என்றுதானே பல் கூட்டினோம்? மலைப்பாதையில் விளைவு நேர்மாறாகிவிட்டது!

உச்ச வேகம் கூடுமா?

பல் கூடினால் வண்டி இன்னும் வேகமாகப் பறக்கும் என்று நினைப்பவர் பலர். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 5625 சுற்றில் 18 குதிரைத்திறன் தரும். 16 பல்லோடு டாப் கியரில் 5625 சுற்றை எட்டினால் வேகம் மணிக்கு 130 கி.மீ. ஆகவேண்டும். நடைமுறையில் வண்டி சமதளத்தில் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை. காரணம் காற்றுத் தடை. வேகம் கூடக்கூட அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 80லிருந்து 100 கி.மீ.க்குச் செல்லவே காற்றை வெல்ல ஏறத்தாழ இரு மடங்கு திறன் வேண்டும். ஆகவே மேலும் ஒரு பல் சேர்த்தால் உச்ச வேகம் கூடுவதற்கு வழியில்லை, குறையவும் கூடும்.

மாற்றும் முறை

இந்த வண்டியில் பின் பற்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. தனியே கழற்ற முடியாது. ஆகவே முன் பற்சக்கரத்தைத்தான் மாற்றுவார்கள். முன்னே ஒரு பல் கூட்டுவது பின்னே இரண்டு பல்லுக்குச் சற்று மேல் குறைப்பதற்குச் சமம்.

முன் பற்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மெக்கானிக் முதலில் எண்ணெயை வடித்து, இடப்பக்க உறையையும் கிளட்சையும் கழற்றுகிறார். சங்கிலி பூட்டியிருக்கும்போதே, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க, பற்சக்கரத்தின் பெரிய நட்டைத் தளர்த்துகிறார். சுழலாமல் பிடிக்க இதைவிட எளிய வழியில்லை.

ஒரு பல் கூடினால் சங்கிலி எவ்வளவு நீளம் வேண்டும்? பற்சக்கரத்தின் பாதிச் சுற்றைத்தான் சங்கிலி தழுவுகிறது. ஆகவே அரைக் கண்ணி நீளம் போதும். சங்கிலியின் மேல், கீழ் இரு பக்கமும் அதைப் பகிர்ந்துகொள்வதால் பின்சக்கரம் கால் கண்ணி அளவே முன்னே நகரவேண்டும். கண்ணி நீளம் 15.875 மி.மீ.; கால் பங்கு 4 மி.மீ. ஆகவே இறுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பில் இடமிருந்தால் பழைய நீளமே போதும்.

சங்கிலி நீளுமா?

பழைய சங்கிலி 'நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு ஊசியும் புஷ்ஷும் சிறிது தேய்கின்றன. நூறு கண்ணிகளின் தேய்மானம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. சங்கிலியை இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியிலிருந்து இருபத்தோராவது ஊசி வரை அளந்து பாருங்கள். புதியதில் 317.5 மி.மீ. இருக்கும். 324 மி.மீ. ஆகிவிட்டால் நூற்றுக்கு இரண்டு கூடிவிட்டது; மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. தேய்ந்த சங்கிலி பற்களையும் கொக்கிபோல் வளைத்துத் தேய்க்கும். அந்தப் பற்களில் புதுச் சங்கிலியை மாட்டினால் அதுவும் விரைவில் கெடும். ஆகவே சங்கிலியையும் பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம்.

புதுச் சங்கிலியின் இணைப்புக் கண்ணியில் ஒரு கிளிப் உண்டு. அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். திருப்பிப் போட்டால், எதிலாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடும்.

விரல் ஜாக்கிரதை!

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துணியால் சங்கிலியைத் துடைப்பவர்களைக் காணலாம். இதையும் கணக்கிடுவோம். முதல் கியரில் மொத்த விகிதம் 14.8. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 முறை மட்டுமே சுற்றினாலும் சங்கிலி விநாடிக்கு 68 செ.மீ. நகர்கிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க நமக்கு ஐந்தில் ஒரு விநாடியாவது பிடிக்கும். அதற்குள் 13 செ.மீ. சங்கிலி பல்லுக்குள் போய்விடும். உங்கள் விரலின் நீளம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றித்தான் துடைக்கவேண்டும். அப்போதும் விரல் பற்சக்கரத்தின் அருகே போகக்கூடாது.

செய்து பாருங்கள்

1. உங்கள் சைக்கிளின் இரு பற்சக்கரங்களிலும் உள்ள பற்களை எண்ணி விகிதம் காணுங்கள். பின்சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, மிதிகட்டையின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் எவ்வளவு தூரம் செல்லும் என்று கணக்கிடுங்கள். பிறகு தரையில் கோடு போட்டு உருட்டிச் சரிபாருங்கள்.

2. மலையடிவார ஊரில் வாழும் ஒருவர் தம் புல்லட்டில் முன்னே 15 பல் போடுகிறார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் எத்தனை முறை சுற்றும்? மேலே கண்ட ஏற்றத்தில் அவருக்கு எவ்வளவு விசை மிஞ்சும்?

(விடை: நிமிடத்துக்குச் சுமார் 2770 சுற்றுகள், சுமார் 61 நியூட்டன்.)