மூச்சா, நாடியா?

மயக்க மருந்து பெற்ற வெள்ளை எலி ஒன்று மேசைமீது கிடக்கிறது. அதன் நிலையை அறிய முதலில் எதைப் பார்ப்பது? மூச்சையா, நாடியையா? எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு விடை காண, நம் நாட்டிலேயே நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் சோதனைக்கு உள்ளாயின என்றால் வியப்பாக இருக்கும்.

1847-இல் எடின்பரோவில் சிம்சன் குளோரோபார்மைப் பயன்படுத்திக் காட்டினார். மறு ஆண்டே, கால்விரல் நகத்தை அகற்றுவதற்காக அதை முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி இறந்தாள். காரணம் என்ன? எடின்பரோ மருத்துவர்கள் மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர். இலண்டன் மருத்துவர்களோ நாடியைப் பிடித்திருக்க வேண்டும் என்றனர்.

எடின்பரோவில் பயின்ற எட்வர்டு லாரி, ஐதராபாத்தில் நிஜாமின் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1888-இல் அங்கு நாய்களைக் கொண்டு ஆய்வு நடத்தி, எப்போதும் மூச்சே முதலில் நிற்கிறது, இதயம் பிறகுதான் நிற்கிறது என்றார். ‘லான்செட்’ இதழ் ஐயுற்றது. நிஜாம் 1000 பவுன் பொருளுதவி அளிக்க, 1889-இல் லாடர் பிரண்டன் இலண்டனிலிருந்து வந்தார். நாய், குரங்கு, ஆடு, பூனை, முயல் எனப் பல விலங்குகளில் சோதனை நடந்தது. வந்தவரும் லாரியின் பக்கமே சாய்ந்தார்!

ஆயினும் வழக்கு முடியவில்லை. 1911-இல் குட்மன் லெவி, பூனைகளுக்குச் சிறிதளவே குளோரோபார்ம் கொடுத்து அட்ரினலினைச் செலுத்தினார். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து, சட்டென்று நின்றன. அச்சத்தாலும் கிளர்ச்சியாலும் நம் உடலில் சுரப்பதும் அதே அட்ரினலின்தான். மருந்து மிகும்போது மூச்சு முதலில் நிற்கும் என்று ஐதராபாத்தில் கண்டது மெய். இதயத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று அதிலிருந்து முடிவுகட்டியதுதான் பிழை.

2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுத்துப் பயில்வதை நிறுத்தச் சொல்லிவிட்டதே, நமக்கு ஏன் இது என்று நண்பர்கள் கேட்கலாம். நம்முள் சிலர் நாளை மருந்து ஆய்வுக்கூடங்களுக்குச் செல்வோம். அங்கே இது ஓர் உயிரின் கணக்கு.

விழித்திருக்கும் எலி நிமிடத்திற்குச் சுமார் 70 முதல் 115 முறை மூச்சு விடும். மார்பின் அசைவை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குக. மருந்து முகுளத்தை மந்தப்படுத்துவதால் எண்ணிக்கை குறைவது இயல்பே. பாதியாகக் குறைந்தால் அபாயம். எண்ணிக்கை மட்டும் போதாது. தொண்டையில் சளி அடைத்திருந்தால் மார்பு அசையும், காற்று உள்ளே போகாது. நம் நல்லூர் நிட்டிங் இயந்திரத்தில் நூல் அறுந்தால் விளக்கு எரியும், இயந்திரம் தானே நிற்கும். எலிக்கு அப்படி ஒரு விளக்கு இல்லை. மூக்கும் பாதங்களும் இளஞ்சிவப்பாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை நீலம் பாரிக்கும்போது காலம் கடந்திருக்கும். வெளிவிடும் காற்றின் கரியமில வாயுவை அளக்கும் கருவி அதற்கு முன்பே எச்சரிக்கும். நாடியையும் உடன் கவனித்தல் வேண்டும்.

சிற்றுயிர்கள் விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் மூச்சு மேலும் தளரும். ஆகவே தையல் முடிந்ததும் எழுந்து போய்விடக் கூடாது. எலியைக் கதகதப்பாக வைத்து, அது தானே புரண்டு கால் ஊன்றும்வரை அருகிலிருந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.