இணையமும் மின்சாரம் போலத்தான்



இன்று கிராமத்து மளிகைக் கடையிலும் வாடிக்கையாளர் பலர் கைபேசியில்தான் பணம் செலுத்துகிறார்கள். நாம் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்வதும் இணையத்தில்தான். இணைப்பு அறுந்தால் கல்லாவும் நின்றுவிடுகிறது.

தனியார் நிறுவனங்கள் நகரத்தில் போட்டி போட்டுக் கம்பி இழுக்கின்றன; பத்து வீடுள்ள குக்கிராமத்துக்கு வரத் தயங்குகின்றன. குறை சொல்வதற்கில்லை. போட்ட முதலுக்கு லாபம் பார்ப்பதுதான் வணிகம். ஆனால் மின்சாரத்தை நாம் அந்தக் கணக்குக்கு விட்டுவிடவில்லையே!

கேரள அரசு ஒரு வழி கண்டது. 2023 ஜூன் 5-ஆம் நாள் 'கே-போன்' திட்டத்தைத் தொடங்கியது. மின்வாரியக் கம்பங்களிலேயே கண்ணாடி இழைக் கம்பியை இழுத்தார்கள். புதிதாகக் கம்பம் நடும் செலவு மிச்சம். வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பவர் உள்ளூர் கேபிள்காரர். அதாவது அரசு மொத்த வியாபாரி, கேபிள்காரர் சில்லறை வியாபாரி. நமக்குப் பழகிய முறைதான்!

20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதற்கட்டத்துக்குக் குறித்ததோ தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள். பொதுச் சேவை என்றாலும் வேகம் தானாக வராது.

நாம் கற்க வேண்டிய பாடம் இது: கம்பி வந்ததோடு திருப்தி அடையக் கூடாது. அறுந்தால் சரிசெய்பவர் யார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதையும் சங்கத்தின் மூலம் கேட்டு வாங்க வேண்டும்.